நிற்கிற காரும் கடிக்கிற எலியும்

(மும்பைக் கிளை உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பின்னர் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கான பதில்களும் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும். மார்ச் மாதம் வந்தால் வருமான வரி பற்றி ஒருவர் பேசுவார். முழங்கால் வலி பற்றி டாக்டர் ஒருவர் பேசுவார். எலியைப் பற்றிப் பேச ஒருவனை அழைப்பது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். “கார் எலெக்ட்ரிகல் வேலையிலேயே ஆயுசைக் கழித்தவர் நீங்கள். நம் மெம்பர்கள் பல பேர் வண்டியில் எலி வயரைக் கடித்துவிட்டது. ஓர் அரைமணி பேசுங்கோ” என்று காரியதரிசி சொன்னார்.

முதலில் ஒரு விஷயம். எலி எல்லா வண்டியையும் ஒரேமாதிரி கடிப்பதில்லை. தினமும் ஆபீஸ் போய் வருகிற வண்டியைவிட, நிற்கிற வண்டியில்தான் அது குடித்தனம் வைக்கிறது. நம் வீடுகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிள்ளை ஸான் ஹோஸேயில், பெண் ஸிங்கப்பூரில். மாமாவுக்கு எழுபத்தைந்து வயது. கார் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கோவில், மாதம் ஒருமுறை டாக்டர், எப்போதாவது ஏர்போர்ட். மீதி நாளெல்லாம் பேஸ்மென்ட்டில், கவர் போட்டு, பத்திரமாக நிற்கிறது. அந்த வண்டியை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், “ராத்திரி அவசரம் என்றால் வேணுமே” என்பார்கள். எலி கடிப்பதும் அதே வண்டியைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மார்வலி என்று கீழே இறங்கிச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காது. ஆறாயிரம் ரூபாய் பில் பெரிய விஷயமில்லை. இதுதான் பெரிய விஷயம்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது தேசம் பூராவும் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. ஹோட்டல், மார்க்கெட் எல்லாம் மூடியதால் தெருவில் எச்சில் இலை இல்லை, குப்பை இல்லை. எலிகள் குடியிருப்புப் பக்கம் வந்தன. ஊரடங்கு தளர்ந்து ஜனங்கள் வண்டியை எடுத்தபோது பணிமனைகளில் என்ன வரிசை என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு மாதம் நின்றால் என்ன ஆகும் என்பதை அப்போது எல்லோரும் பார்த்துவிட்டோம். நம் பெரியவர்கள் பலருடைய வண்டிக்கு ஊரடங்கு இன்னும் முடியவில்லை.

கடிப்பது யார் என்று தெரிந்துகொள்வது அவசியம். நம் ஊர்களில் முக்கியமாக மூன்று பேர். வீட்டெலி: மெலிந்த உடம்பு, உடம்பைவிட நீண்ட வால், பைப்பிலும் கொடியிலும் சரசரவென்று ஏறும். சுண்டெலி: கால் அங்குலச் சந்து போதும், உள்ளே போய்விடும். பெருச்சாளி: வளை தோண்டுகிற ஜாதி, சாக்கடையும் சுவரோரமும் அதன் ராஜ்யம். இங்கிலீஷில் அதற்கு வழங்கும் ‘பாண்டிகூட்’ என்ற பெயரே பன்றி எலி என்று பொருள்படும் ‘பந்திகொக்கு’ என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து போனதுதான். இவர்களோடு அணிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராமர் தடவிக்கொடுத்த பிராணி என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் அதுவும் கொறிக்கும் இனம்தான். மரத்தடியில் பகலில் நிற்கிற வண்டியில் தேங்காய் நார், பஞ்சு, பழைய துணி இருந்தால் அணிலாக இருக்கலாம்.

மூஞ்சூறு மேல் பழி போடாதீர்கள். நீண்ட மூக்கு, ஒரு மாதிரி வாடை, கீச்சுக் கீச்சென்று சத்தம். அது எலி ஜாதியே இல்லை. பூச்சி தின்கிற வேறு குலம். கரப்பான் பூச்சியைத் தின்றுவிட்டுப் போகும். வயரோடு அதற்கு வியாபாரம் கிடையாது. பிள்ளையார் வாகனம் எலியா, மூஞ்சூறா, பெருச்சாளியா என்ற விசாரத்தை உபன்யாசகர்களிடம் விட்டுவிடுகிறேன். என் அனுபவத்தில், பிள்ளையாருடைய வாகனம்தான் நம்முடைய வாகனத்தை நிறுத்துகிறது.

ஏன் கடிக்கிறது? பசியால் வயரைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வயர் அதற்கு ஆகாரம் இல்லை. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்கு நாலு அங்குலத்துக்கும் மேல் வளரும். முன்பக்கம் மட்டும் கெட்டியான எனாமல், பின்பக்கம் மெது. தேயத் தேய உளிபோல் கூராகும். தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. ஆகவே எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கவேண்டியது அதன் விதி. வயர் மேலுள்ள பிளாஸ்டிக் பல்லுக்குத் தோதான பதம்: சுண்டைக்காய் வற்றல்போல் கல்லாகவும் இல்லை, அப்பளம்போல் நொறுங்கவும் இல்லை.

அதைவிட முக்கியம் இடம். ஓடி வந்து நின்ற எஞ்சின் பல மணிநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். இருட்டு. பூனை நுழையாது. பானெட்டின் உட்புறம் சத்தம் அடக்க ஒரு பஞ்சு மெத்தை ஒட்டியிருப்பார்கள். அதைப் பிய்த்தால் பிரசவ அறை தயார். மூன்று வாரம்தான் கர்ப்பம்; ஈற்றுக்கு ஆறேழு குட்டி. சென்ற தீபாவளிக்கு வந்த ஜோடி பொங்கலுக்குள் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இப்போதைய கார்களில் சோயா கலந்த வயர் உறை போடுகிறார்கள், அதனால்தான் எலி வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு. 2016-ல் அமெரிக்காவில் பெரிய கார் நிறுவனங்கள் மீது இதைச் சொல்லி வழக்கே போட்டார்கள். எனக்கு இந்த வாதத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சோயா என்ற பேச்சே இல்லாத நாளில், வெறும் பி.வி.சி. உறை போட்ட வயர்களை எலி கடித்துப் பார்த்தவன் நான். அந்தக் காலத்து டெலிபோன் கேபிளையும் விட்டதில்லை. சோயாவைக் குறை சொன்னால் நம்மால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்காது; மாற்றிக்கொள்ள வேண்டியதை மாற்றாமல் இருக்க அது நல்ல சாக்கு.

என்ன மாறியிருக்கிறது என்றால் வண்டி மாறியிருக்கிறது. அம்பாஸடரிலோ 1983-ல் வந்த முதல் மாருதியிலோ எஞ்சினுக்குள் வயர்கள் கொஞ்சம்தான். எலி கடித்தாலும் தெருமுனை எலெக்ட்ரீஷியன் ஒரு ஒட்டுப் போட்டுவிட்டு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் வந்த பிறகு விற்ற வண்டிகளில் புகைக் குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஸென்ஸார், இன்ஜெக்டருக்கு வயர், ஒவ்வொரு சக்கரத்துக்கும் வேக ஸென்ஸார். இத்தனை பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ‘கேன்’ என்கிற ஒரு ஜோடி முறுக்கு வயர். போஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. அந்த ஜோடியில் ஒரு வயர் அறுந்தால் வண்டிக்குச் சித்தப்பிரமை பிடித்தாற்போல் ஆகிவிடும். ஏ.பி.எஸ். விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு எல்லாம் ஒன்றாக எரியும். பத்து கோளாறு வந்துவிட்டது என்று பயந்து போவார்கள். இருப்பது ஒரே ஒரு கடி.

எது கடிபட்டது என்பதைப் பொறுத்து ஆபத்தின் தரம் வேறு. கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் அறுந்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். இன்ஜெக்டர் வயர் போனால் எஞ்சின் குலுங்கும், ‘செக் எஞ்சின்’ விளக்கு எரியும். சக்கர ஸென்ஸார் வயர் போனால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஏ.பி.எஸ். உதவிக்கு வராது, ஈரத் தரையில் அதை எதிர்பார்த்து ஓட்டக்கூடாது. எல்லாவற்றிலும் மோசம் இரண்டு. ஒன்று, பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த வயரின் உறை போய், செம்பு வெளியே தெரிந்து, பாடியில் உரசுவது. மற்றொன்று, பெட்ரோல் ரப்பர் குழாயில் கடி. இரண்டும் சேர்ந்தால் நெருப்பு. ஆகவே வண்டியருகே போகும்போது பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். “ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே” என்ற சபலம் வேண்டாம். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

ரிப்பேர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் ஏமாறுவதும், அநாவசியமாகச் சிக்கனம் பிடிப்பதும் இங்கேதான். பணிமனையில் உடனே “ஹார்னஸ் முழுக்க மாற்றணும்” என்பார்கள். ஹார்னஸ் என்பது வயர்களின் மொத்தக் கட்டு. விலை மாடலுக்கு மாடல் வித்தியாசப்படும். சில வண்டிகளில் மயக்கம் வரும். எத்தனை வயர் கடிபட்டிருக்கிறது என்று கேளுங்கள். போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வயர், கைக்கு எட்டும் இடத்தில் என்றால் ஒட்டுப் போடுவதில் தப்பே இல்லை. அதே கனமுள்ள வயர், சரியான இணைப்பான், அதன் மேல் சூடு காட்டினால் சுருங்கிப் பசையோடு பிடித்துக்கொள்ளும் உறை. இப்படிச் செய்த ஒட்டு வண்டி உள்ளவரை நிற்கும். வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினால் எஞ்சின் சூட்டில் டேப் வழுக்கிவிடும். அடுத்த மழைக்காலத்தில் பச்சைப் பாசி பிடித்து மறுபடி அதே கோளாறு.

கேன் ஜோடியை ஒட்டும்போது முறுக்கைப் பிரித்து விடக்கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த ஜோடிக்கு நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்டவேண்டும். விஷயம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் முதலில் அதைத்தான் பார்ப்பார். ஆக்ஸிஜன் ஸென்ஸார் வயரில் சும்மா ஈயப் பற்று வைப்பது பல மாடல்களில் கூடாது. அந்த ஸென்ஸார் தனக்கு வேண்டிய வெளிக்காற்றை வயர் இழைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத்தான் இழுத்துக்கொள்கிறது. பற்று வைத்தால் மூச்சு அடைத்துவிடும். மஞ்சள் உறையில் வருவது ஏர்பேக் வயர்: அதில் ஒட்டு வேண்டாம், புதிதாக மாற்றுவதே சரி. இப்போது மின்சாரக் கார் வாங்கியிருக்கும் இளைஞர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆரஞ்சு நிற வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அதில் பல்தடம் தெரிந்தால் நீங்களும் தொடாதீர்கள், தெரு எலெக்ட்ரீஷியனையும் தொட விடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று மூன்று பேர் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நபர் பாலிஸி மட்டும் எடுத்திருந்தால் கிடையாது. வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால், எலிக் கடியை வெளிக் காரணத்தால் நேர்ந்த விபத்து என்று ஏற்றுப் பல கம்பெனிகள் கொடுக்கின்றன. உங்கள் பாலிஸியில் தனி விலக்கு எதுவும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பிரிப்பதற்கு முன் கம்பெனிக்குத் தகவல் கொடுக்கவேண்டும். ஸர்வேயர் பார்க்கும்வரை கடிபட்ட வயர், புழுக்கை, கூடு எதையும் துடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள், அவைதான் சாட்சி. எஸ்டிமேட்டில் ‘எலெக்ட்ரிகல் கோளாறு’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். மின்சாரக் கோளாறு பாலிஸியில் விலக்கப்பட்ட விஷயம். ‘எலி கடித்ததால் வயர் சேதம்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் கிளெய்ம் போடுவதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுங்கள். 1500 ஸி.ஸி. வரை உள்ள வண்டிக்கு முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் நம் கையிலிருந்துதான். ரப்பர், பிளாஸ்டிக், நைலான் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி கழிப்பார்கள். கழிவில்லாப் பாலிஸி எடுத்திருந்தால் அது தப்பும். இதெல்லாம் போக, கிளெய்ம் இல்லாததற்கான போனஸ் போய்விடும். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதம் சேர்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால் அவர் கட்டுவது 5,000. ஒரு கிளெய்ம் போட்டதும் அடுத்த வருஷம் முழு 10,000. அப்புறம் 20 சதவீதம், 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50 வருவதற்குள், பிரீமியம் மாறாமல் இருந்தால், அவர் அதிகப்படியாகக் கட்டியது 12,500 ரூபாய். ஆறாயிரம் ரூபாய் பில்லுக்கு இது தேவையா? ஹார்னஸ் முழுவதும் போய்ப் பில் நாற்பதாயிரம் என்றால் தாராளமாகப் போடுங்கள். போனஸ் பாதுகாப்பு என்று தனியாக எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

இனி கைவைத்தியங்கள். மிகப் பிரபலமானது புகையிலை. ஒரு கட்டு வாங்கிப் பானெட்டுக்குள் தொங்கவிடுவது. வாசனை புதிதாக இருக்கும்வரை சற்றுத் தயங்கும் போலிருக்கிறது. எஞ்சின் சூட்டில் சில வாரத்தில் காய்ந்து சருகாகிவிடும். காய்ந்த சருகு சூடான புகைக் குழாய் மேல் விழுவது நல்லதல்ல. அதோடு, ஆசாரமான மாமா ஒருவர் வண்டியில் ஏறினாலே வெற்றிலைப் பாக்குக் கடை வாசனை. அந்துருண்டை போடுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அதன் ஆவி ஏ.ஸி. காற்று இழுக்கும் வழியாக உள்ளே வந்துவிடும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒருவித என்ஸைம் குறைவு இருக்கும். அவர்களுக்கு அந்துருண்டை ஆவி ரத்த அணுக்களைச் சிதைக்கும். விடுமுறைக்குப் பேரன் வரும்போது அதை எங்கே சோதித்துக்கொண்டிருப்பது?

நமக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டும் கருவி என்று விற்கிறார்கள். அந்தச் சத்தம் எதிரில் ஒரு தகடு இருந்தால் அதைத் தாண்டாது. எஞ்சின் அறை முழுவதும் தகடுதான். எலிக்கும் சில நாளில் பழகிவிடும். ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று 2001-லேயே அமெரிக்க வர்த்தகக் கமிஷன் இந்தக் கருவி விற்பவர்களை எச்சரித்திருக்கிறது. நிற்கிற வண்டியில் அதைப் பேட்டரியோடு இணைத்தால் கூடுதல் பலன் ஒன்று உண்டு: பேட்டரியும் இறங்கிவிடும்.

மிளகாய்க் காரம் சேர்த்த ஸ்ப்ரே, டேப் ஆகியவற்றில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கடித்தால் வாய் எரியும் என்பது எலிக்கும் பொருந்தும். அமெரிக்காவில் ஹோண்டாவே அப்படி ஒரு டேப் விற்கிறது. ஒட்டுப் போட்ட இடத்தில் சுற்றுவதற்கு நல்லது. ஸ்ப்ரே மழையிலும் சூட்டிலும் போய்விடும், திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கம்பி வலை. கண்ணாடிக்குக் கீழே காற்று இழுக்கும் வாயிலும், எலி ஏறுகிற பெரிய சந்துகளிலும் கால் அங்குலக் கண்ணுக்கு மேற்படாத துருப்பிடிக்காத வலை. தெரிந்த மெக்கானிக் வைக்கவேண்டும். பெல்ட், ஃபேன், புகைக் குழாய் பக்கம் வரக்கூடாது. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் வலையை எலி காலைப் பலகாரமாக முடித்துவிடும்.

இத்தனையும் செய்தாலும், எலி பேஸ்மென்ட்டுக்கு ஏன் வந்தது என்ற கேள்வி நிற்கிறது. கார் அதற்கு வாடகை வீடுதான். சாப்பாடு வேறெங்கோ கிடைக்கிறது. அதைத் தேடிக்கொண்டு போனால் சங்கடமான இடத்துக்கு வந்து சேர்வோம். நம் அகங்களில் தினமும் காக்கைக்குச் சாதம் வைக்கிறோம். கைப்பிடிச் சுவரில், காம்பவுண்டில், மாடிப்படி ஓரத்தில். காக்கை பாதி தின்னும். மீதி? ராத்திரி வேறொருவர் வந்து முடிக்கிறார். புறாவுக்குத் தானியம் போடுகிறோம். தெருநாய்க்குப் பால் சாதம். எதையும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன், பித்ருக்களுக்கு உள்ளதைத் தடுக்க நான் யார்? ஒரு தட்டிலோ இலைத் துண்டிலோ வைத்து, பதினொரு மணிக்குள் மீதியை எடுத்துவிடுங்கள். தானியம் இறைப்பதை மட்டும் விட்டுவிடலாம். இதை நான் சில சொஸைட்டிகளில் சொன்னபோது மாமிகள்தான் முதலில் ஒத்துக்கொண்டார்கள், மாமாக்களோடுதான் வாதம் செய்யவேண்டியிருந்தது.

மற்றவை சொஸைட்டி கமிட்டி செய்யவேண்டியவை. குப்பைத் தொட்டிக்கு மூடி. ராத்திரி குப்பை வெளியே நிற்கக்கூடாது. உடைந்த சாக்கடை மூடி, சுவரில் பைப் நுழையும் ஓட்டை ஆகியவற்றைச் சிமெண்டும் கம்பி வலையும் வைத்து அடைப்பது. வெறும் சிமெண்டாக இருந்தால் ஈரம் காய்வதற்குள் தோண்டிவிடும். பேஸ்மென்ட்டில் பழைய சோபா, அட்டைப் பெட்டி, கொலுப்படிப் பலகை அடுக்கி வைத்திருப்பார்கள். அது எலிக்கு அக்ரஹாரம். எலி எப்போதும் சுவரை உரசிக்கொண்டு ஓடும் பிராணி. ஆகவே வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் இரண்டடி தள்ளி நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். ஒரே ஒருவர் தன் வண்டிக்கு மட்டும் வைத்தியம் செய்தால் எலி பக்கத்து வண்டிக்குப் போகும். அது அக்கம்பக்கத்து ஸ்நேகத்துக்கு நல்லதல்ல.

இந்த மும்பையில் 1896-ல் பிளேக் வந்த நாளிலிருந்து எலி என்றால் பயம் உண்டு. மாநகராட்சி ‘இரவு எலி கொல்பவர்’ என்றே ஆட்களை வைத்திருக்கிறது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தடி, ராத்திரிக்கு இத்தனை என்று கணக்குக் காட்டவேண்டும். இந்த உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்ட பட்டதாரிகளும் உண்டு.

கொல்லலாமா என்ற கேள்வி நம்மவர்களுக்கு வரும். வருவது நியாயம்தான். என் அபிப்பிராயம்: சாப்பாட்டையும் ஓட்டையையும் முதலில் அடைத்துவிட்டால் கொல்லவேண்டிய எண்ணிக்கை வெகுவாகக் குறையும். அதைச் செய்யாமல் கொன்றுகொண்டே இருந்தால் அதற்கு முடிவு இல்லை. கூண்டு வைப்பவர்கள் இரண்டு மூன்று நாள் கதவைக் கட்டி வைத்து, சும்மா உள்ளே போய்த் தின்னப் பழக்கவேண்டும். எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். முதல் நாளே அகப்படாது. பசை அட்டை வேண்டவே வேண்டாம். உயிரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் துடித்துச் சாகும். 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி விலங்கு நல வாரியம் அதற்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது, பல மாநிலங்கள் தடையும் செய்துள்ளன. ஒரே அடியில் முடிக்கும் பொறி அதைவிடக் கருணை.

விஷம் என்றால், எஞ்சினுக்குள் வைக்காதீர்கள். தின்ற எலி வண்டியின் ஏ.ஸி. குழாய்க்குள் போய்ச் செத்தால் டாஷ்போர்டையே கழற்றவேண்டி வரும். அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் விஷம் போகும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை வீட்டிலேயே இருக்கக்கூடாது. அது கல்லீரலைத் தாக்கும், மாற்று மருந்து கிடையாது. குழந்தைகளும், மனம் உடைந்திருப்பவர்களும் உள்ள வீடுகளை நினைத்துச் சொல்கிறேன்.

கூடு அகப்பட்டால் வெறுங்கையால் அள்ளாதீர்கள். எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோஸிஸ் வரும். 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் அது என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கையுறை போட்டு, ப்ளீச்சிங் கரைசல் தெளித்து, நனைந்த பிறகு எடுக்கவேண்டும். காய்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். ஏ.ஸி. ஃபில்டரில் கூடு இருந்தால் ஃபில்டரை மாற்றாமல் ஃபேனைப் போடாதீர்கள்.

ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன், நிற்கிற வண்டி. தினமும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது பல பெரியவர்களின் வழக்கம். அதில் பேட்டரியும் நிரம்பாது, எலிக்குக் கதகதப்பு மட்டும் கிடைக்கும். வாரம் இரண்டு முறை அரைமணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள். ஓட்ட முடியாதவர்கள், கட்டடத்திலேயே லைசென்ஸ் உள்ள நம்பகமான ஒருவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து நாலைந்து வண்டிகளுக்குச் சேர்த்து ஏற்பாடு செய்யலாம். கிளம்புமுன் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும்: புழுக்கை, பிய்ந்த பஞ்சு, வயரில் செம்பு. ஒரு நிமிஷ வேலை.

ஆறு மாதம் அமெரிக்கா போகிறவர்களுக்கு: டாஷ்போர்டில் உள்ள முறுக்குப் பொட்டலம், பிரஸாதக் கவர், டிஷ்யூ பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஏ.ஸி.யை உள்காற்று நிலையில் வைத்துவிட்டு அணையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் வெளிவழி மூடிக்கொள்ளும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். எலி கடித்தாலும் தீப்பொறி வராது. அதற்கு முன் சாவியால் கதவு திறக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள், ரிமோட் அப்போது வேலை செய்யாது. மின்சாரக் கார்களுக்கு மட்டும் அந்தக் கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி செய்யவேண்டும். திரும்பி வந்த அன்றே ஜெட்லாக்கோடு இறங்கிச் சாவியைத் திருப்பவேண்டாம்; முதலில் பானெட்.

தனியாக இருக்கும் தம்பதிகளுக்கு இன்னும் ஒன்று. ராத்திரி அவசரத்துக்குச் சொந்த வண்டியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 108, 112 இரண்டையும், தெரிந்த டாக்ஸிக்காரர் ஒருவர் எண்ணையும், பக்கத்து அகத்துப் பிள்ளையின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டுங்கள். மார்வலி வந்தவரே வண்டி ஓட்டுவது எப்படியும் கூடாது.

காபி தயார் என்று காரியதரிசி சைகை காட்டுகிறார். உங்களில் ஏழெட்டுப் பேர் வண்டியைக் கீழே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். காபி குடித்துவிட்டு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பானெட்டைத் திறந்து பார்த்துவிடலாம். டார்ச் கொண்டு வந்திருக்கிறேன்.